கரிப்பெட்டி

கதை எழுதுகிறவன் வீட்டில் யாரும் நிம்மதியாக நோய்ப்பட முடியாது. தலைவலி என்று சொன்னால், தைலத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், அது குத்துகிறதா இடிக்கிறதா என்று கேட்டு மனசுக்குள் குறித்துக் கொள்வான். இந்தத் துர்க்குணம் என்னிடம் நாற்பது வருஷமாக இருக்கிறது. மனைவி பழகிப் போய்விட்டாள். அம்மாவுக்கு இது தெரியாது. 2025-ஆம் வருஷம் மாசி மாதத்தில் அவள் எனக்கு ஒரு கதையைக் கையில் கொடுத்துவிட்டாள் என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டதையும், அந்தக் கதை வடசேரியில் ஒரு மோட்டார் பட்டறையில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி வாசகர்களுக்குக் கொஞ்சம் மதிப்பு குறையலாம். குறைந்தால் நியாயம்தான்.

எங்கள் வீடு நாகர்கோவிலில், ஒழுகினசேரிப் பக்கம். பழைய வீடு. முன்னால் படிப்புரை. அதை ஒட்டித் தகரம் வேய்ந்த ஒரு சாய்ப்பு. அதில்தான் காரை நிறுத்துவது. 2003-ஆம் வருஷத்துப் பெட்ரோல் வண்டி. பெயிண்டு மங்கினாலும் எஞ்சின் இன்னும் முணுமுணுக்காமல் ஓடுகிறது. சாய்ப்புக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு மரக்கதவு உண்டு. முன்னறையில் அம்மா. வயசு 84. கட்டில் வாங்கிப் போட்டோம். கட்டிலில் படுத்தால் யாரோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, அந்தக் கதவோரத்தில் பாய் விரித்துத் தரையில்தான் படுப்பாள்.

ஒருநாள் இரவு எட்டு மணி இருக்கும். "மக்களே, இங்க வா" என்று கூப்பிட்டாள். போனேன்.

"எங்க அப்பாக்க சட்ட மணம் அடிக்கு" என்றாள்.

நான் திடுக்கிட்டு நின்றேன். அம்மாவின் அப்பா, என் தாத்தா, 1967-இல் இறந்து போனவர். திருவிதாங்கூர் நாட்களில் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே ஓடிய பஸ்களில் முதலில் கிளீனராகவும் பிறகு டிரைவராகவும் இருந்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரிவாயுவில் ஓட்டினார்கள் அல்லவா? வண்டியின் பின்னால் ஒரு பெரிய தகர உலை. அதில் கரியைப் போட்டு எரித்து, வரும் வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெட்ரோல். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்துபோய் உலையை மூட்டுவது தாத்தாவின் வேலை. அந்தக் காக்கிச் சட்டையில் கரியும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை இருக்கும் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ராத்திரி அவர் வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மணத்தால் தெரிந்துவிடுமாம்.

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனால் என் மூக்கு சாட்சி சொல்ல லாயக்கில்லாத மூக்கு. 2021-இல் கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு மணம் என்பதே அரைகுறை. காப்பியும் வெந்நீரும் ஒன்றுதான். மனைவியைக் கூப்பிட்டேன். அவளுக்குப் பீனிசம். வருஷத்தில் ஒன்பது மாதம் மூக்கடைப்பு. அவளும் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல அத்தை, படுங்க" என்றாள்.

மறுநாள் மணம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு ஒருநாள், "வந்திருக்காரு" என்றாள். இப்போது சட்டையைச் சொல்லவில்லை, ஆளையே சொல்லிவிட்டாள்.

அன்று ராத்திரி நான் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண்பத்து நாலு வயசுக் கிழவியைத் தேடிக்கொண்டு, கரி வண்டி ஓட்டிய தகப்பனின் ஆவி அந்தி நேரத்தில் வருகிறது. முகம் இல்லை, குரல் இல்லை, மணம் மட்டும். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏழு பக்கம் குறிப்பு எழுதினேன். எழுதிக்கொண்டே இருந்தபோது, அடுத்த அறையில் அவள் தலைவலியோடு புரண்டு படுத்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது சங்கதி பங்குனியில் நடந்தது. அந்தியில் படிப்புரையில் விளக்கு வைப்பது அம்மாவின் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விட்டதில்லை. திடீரென்று நிறுத்திவிட்டாள். கேட்டால், "வேண்டாம் மக்களே" என்பதற்குமேல் பதில் இல்லை. மனைவி விளக்கைக் கொளுத்தப் போனால் ஓடி வந்து ஊதி அணைத்தாள். ஊதி அணைக்கக் கூடாது, பூவால் அமர்த்த வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

இதற்குப் பிறகுதான் பயம் வந்தது. எங்கள் டாக்டரிடம் சொன்னேன். இல்லாத மணம் இருப்பதாகத் தோன்றுவது உண்டு, மூளை சம்பந்தமான சில கோளாறுகளில் அப்படி வரும், பழக்கவழக்கம் திடீரென்று மாறுவதும் கவனிக்க வேண்டியது, நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நான் அவரிடம் கொண்டுபோன தகவல் அவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினோம். அம்மாவிடம் ஸ்கானைப் பற்றிச் சொல்லவில்லை. பத்மநாபசுவாமி கோயிலுக்கு என்று சொன்னேன்.

திருவனந்தபுரம் போக வேண்டுமானால் எழுபது கிலோமீட்டர். பழைய வண்டி. ஒருதரம் பார்த்துவிடலாம் என்று வடசேரியில் பட்டறை வைத்திருக்கிற ஆசானிடம் கொண்டுபோனேன். அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் ஒரு வேலையில் கைதேர்ந்தவரை ஆசான் என்றுதான் சொல்வது. களரிக்கும் அப்படி, வர்மத்துக்கும் அப்படி, கார்புரேட்டருக்கும் அப்படி. பிரேக்கும் விசிறிப் பட்டையும் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், பேச்சோடு பேச்சாக அம்மாவின் விஷயத்தைச் சொன்னேன். பெட்ரோல் மணம் அடிக்கிறதாம், தாத்தா வருகிறாராம் என்று கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னதாகவும் ஞாபகம்.

ஆசான் சிரிக்கவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "எப்பம் மணக்கு?" என்றார்.

"ராத்திரிதான். எப்பவாவது."

"வண்டி எங்க நிக்கும்?"

சொன்னேன். உடனே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். டாங்கிலிருந்து எஞ்சின்வரை குழாயைத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. முகர்ந்தார். மணம் இல்லை. டாங்கின் அருகில் ஒரு ரப்பர்க் குழாய் மட்டும் புடைத்துப்போயிருந்தது. இப்போதெல்லாம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்களே, பழைய வண்டி ரப்பருக்கு அது ஒத்துக்கொள்கிறதில்லை என்று சொல்லி அதை மாற்றினார். "இனி மணக்காது" என்றார்.

வியாழக்கிழமை இரவு மறுபடி மணத்தது. அதாவது அம்மா மணத்தது என்றாள். ஆசானுக்குப் போன் செய்து சொன்னேன். குரலில் கொஞ்சம் எகத்தாளம் இருந்திருக்க வேண்டும். "அப்பம் நான் தப்பாட்டு பாத்திருக்கேன்" என்றார் அவர், சர்வசாதாரணமாக. "காலையில வண்டி தணுத்துக் கிடக்கும்போது மோந்து பாத்தா என்னத்தத் தெரியும்? அடுத்த வியாழக்கிழமை ராத்திரி நான் வீட்டுக்கு வாறேன். வண்டிய வழக்கம்போல ஓட்டிட்டு வந்து நிறுத்துங்க. நான் ஆச்சிகிட்ட பேசணும்."

எனக்கு இது விநோதமாகப் பட்டது. இரண்டு மாதமாக அம்மாவைப் பற்றி டாக்டரிடம் பேசினோம், சென்னையில் இருக்கிற மகனிடம் பேசினோம், நான் நோட்டுப் புத்தகத்திடம் பேசினேன். அம்மாவிடம் போய்ப் பேச வேண்டும் என்று சொன்ன முதல் மனிதர் மோட்டார் மெக்கானிக்.

வந்தார். குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். தரையில் அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆச்சி, எந்த நாள் கூடுதலா மணக்கு?"

"வியாழக்கிழமையாக்கும். வெள்ளிக்கிழமை வெளுக்கையில தலை இடிக்கும். கோயிலுக்குப் போக ஒக்காது."

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமைதோறும் மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லப் போகிறவன் நான். முந்தின நாள் சாயங்காலம் டாங்கை நிரப்பிக்கொண்டு வருவது வழக்கம்.

"காத்து அடிச்சா?"

"ஆராம்புளிக் காத்து அடிக்கிற அன்னைக்கு ஒண்ணும் இல்ல. அனங்காம கிடக்கிற ராத்திரிதான்."

"எழும்பி நின்னா மணக்குமா?"

அம்மா யோசித்தாள். "இல்ல மக்களே. படுத்தாத்தான்."

ஆசான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆச்சி, கொஞ்சம் மாறி இருங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் பாயில், கதவின் அடி இடுக்கைப் பார்த்துத் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிஷம் இருக்கும். நானும் மனைவியும் நின்றுகொண்டே பார்த்தோம். எழுந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஆச்சிக்கு ஒண்ணும் இல்ல. சீக்கு வண்டிக்குத்தான். நின்னு மோந்தா உங்களுக்குக் கிட்டாது, அண்ணாச்சி. பெட்ரோல் ஆவி காத்தவிட மூணு நாலு மடங்கு கனம். தண்ணி மாதிரி தரையிலதான் ஓடும். ஆவிதான் வருகு, ஆனா இது பெட்ரோலுக்க ஆவி."

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் நோட்டைப் படித்திருக்கிறாள்.

அம்மாவிடம் ஆசான் இன்னும் ஒன்று கேட்டார். "விளக்கு கொளுத்துகதில்லன்னு சொன்னாங்க?"

"எண்ண மணம் அடிக்கிற இடத்தில தீக்குச்சி உரசலாமா? எங்க அப்பா பெட்ரோல் ஊத்தும்போ பக்கத்தில யாரையும் பீடி குடிக்க விட மாட்டாரு" என்றாள் அம்மா.

"இத நீ எங்ககிட்ட சொல்லப்படாதா?" என்றேன்.

"மணம் அடிக்குன்னு சொன்னேன். நீங்க இல்லன்னு சொன்னியோ. பின்ன நான் என்ன சொல்லதுக்கு?"

மறுநாள் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுப் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். வண்டியின் முன்மூடியைத் திறந்து, ஒரு மூலையில் கறுப்பாக, பெரிய பால் டப்பா அளவுக்கு இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். இருபது வருஷமாக நான் வைத்திருக்கிற வண்டி. அப்படி ஒன்று இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அவருடைய பையன்கள் அதைக் கானிஸ்டர் என்கிறார்கள். ஆசான் கரிப்பெட்டி என்கிறார்.

விஷயம் இதுதான். பகல் வெயிலில் டாங்கு சூடாகி உள்ளே ஆவி பெருகுகிறது. ஓடி வந்த வண்டியை நிறுத்தினால் அந்தச் சூட்டிலும் ஆவி கிளம்புகிறது. அந்தக் காலத்து வண்டிகளில் அது வெளியே போய்விடும். இப்போது அதை ஒரு குழாய் வழியாக இந்தப் பெட்டிக்குள் அனுப்புகிறார்கள். பெட்டி நிறையக் கரி. ஆவி போய்க் கரியின் நுண்ணிய துவாரங்களில் ஒட்டிக்கொள்ளும். பதப்படுத்திய கரியில் ஒரு கிராமுக்குள் இருக்கிற துவாரங்களை எல்லாம் பிரித்து விரித்தால் ஆயிரம் சதுர மீட்டருக்குக் குறையாதாம். எங்கள் ஊர்க் கணக்கில் இருபத்தைந்து சென்ட். ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஒரு தென்னந்தோப்பு! மறுநாள் வண்டி ஓடி எஞ்சின் சூடானதும் ஒரு சிறு மின்சார வால்வு திறக்கும். பெட்டியின் அடியில் இருக்கிற ஓட்டை வழியாக வெளிக்காற்றை எஞ்சின் உறிஞ்சும். அந்தக் காற்று கரியில் ஒட்டியிருந்த ஆவியையும் இழுத்துக்கொண்டுபோய் எரித்துவிடும். ராத்திரி வாங்கிக்கொள்வது, பகலில் கொடுத்துவிடுவது. பெட்டி காலியானால்தான் அடுத்த ராத்திரிக்கு இடம்.

எஞ்சினை ஓட்டிச் சூடாக்கினார். பெட்டியிலிருந்து வால்வுக்குப் போகும் குழாயைக் கழற்றி, வாயில் விரலை வைத்துப் பார்த்தார். என் விரலையும் வைக்கச் சொன்னார். பையன் ஆக்சிலேட்டரை மிதித்தான். குழந்தை உறிஞ்சுகிற மாதிரி லேசாக இழுக்க வேண்டுமாம். ஒன்றும் இழுக்கவில்லை.

"வால்வு திறக்கல்ல. இனி, வால்வு செத்துப் போச்சா, அல்லது அதுக்குக் கரண்டு வரல்லியா?"

வால்வைக் கழற்றி நேராகப் பாட்டரியில் ஒரு கணம் தொட்டார். டிக்கென்று சத்தம். வால்வு உயிரோடுதான் இருக்கிறது. பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் உறை பிய்ந்து செம்பு பச்சைப் பிடித்து அறுந்து கிடந்தது. எலி. எங்கள் சாய்ப்பில் நெல்மூட்டை வைத்திருந்த காலத்திலிருந்தே அவற்றுக்கு அங்கே குடியுரிமை உண்டு.

இந்தக் கோளாறை வண்டியே சொல்லாதா, முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறதே என்று கேட்டேன். அமெரிக்காவில் 1996 முதல் வந்த வண்டிகள் இந்த ஆவிக் குழாயில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலும் தானே சோதித்து விளக்கைப் போட்டுவிடும். பிறகு அதையும் அரை மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். நம் நாட்டில் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமே 2010-க்குப் பிறகு படிப்படியாகத்தான் வந்தது. என் வண்டி அதற்கு முந்தின தலைமுறை. அதற்கு வாய் கிடையாது. வீட்டில் வாய் உள்ள ஒருத்தி சொன்னாள்.

"இதோட தீரல்ல" என்றார் ஆசான். பெட்டியைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே சளக்கென்றது. கரிப்பெட்டியில் ஆவிதான் இருக்கலாம், திரவம் இருக்கக் கூடாது. பையன் அதைப் பக்கத்தில் கனகமூலம் சந்தையில் ஒரு கடைத் தராசில் நிறுத்துவிட்டு வந்தான். அதே மாதிரி வண்டி ஒன்று பட்டறையில் நின்றது. அதன் பெட்டியைவிட முந்நூறு கிராம் கூடுதல்.

"பெட்ரோல் அடிக்கும்போ, துப்பாக்கி டிக்குன்னு தானா நின்ன பிறகும் அடிக்கச் சொல்லுவியளோ?"

நான் பேசவில்லை. வியாழக்கிழமைதோறும் அதுதான் செய்கிறேன். டிக்கென்று நின்ற பிறகு, ரூபாய்க் கணக்கு ரவுண்டாக வரட்டும் என்று பையனிடம் சொல்லி, வாய் விளிம்புவரை நிரப்பிக்கொள்வது. ஒரு சொட்டு கூட ஏமாந்துவிடக் கூடாது என்ற நடுத்தரக் குடும்பத்து ஜாக்கிரதை. டாங்கின் மேல்பாகத்தில் கொஞ்சம் காலியிடம் விட்டிருப்பது ஆவிக்கும், சூட்டில் பெட்ரோல் விரிவதற்கும். அதையும் நிரப்பிவிட்டால், பெட்ரோலே ஆவிக்குழாய் வழியாக வழிந்து கரியை நனைத்துவிடும். நனைந்த கரி எதையும் பிடிக்காது. அடி ஓட்டை வழியாக ஆவி வெளியே வந்து, சாய்ப்பின் சிமெண்டுத் தரையில் பரவி, கதவிடுக்கில் நுழைந்து, பாயில் படுத்திருக்கிறவளின் மூக்குக்குப் போகும். எலியின் மேல் பாதிப் பழி. மீதி என்மேல்.

கடைசியாக டாங்குப் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும் என்றார். ஆவி ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய பட்டறைகளில் புகை விடும் மெஷின் இருக்கிறதாம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "சாம்பிராணிப் புகை விட்டால் என்ன?" என்றேன். ஆசான் என்னை வெகுநேரம் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க கதை எழுதுங்க" என்றார்.

அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்தார். டாக்டர்கள் இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி! கையில் சுற்றுகிற துணி மட்டும் இல்லை. ரப்பர் உருண்டையும் கடிகாரம் போன்ற டயலும் இருந்தன. உருண்டையின் குழாயை டாங்கிலிருந்து வரும் ஆவிக்குழாயில் மாட்டி மெல்ல அமுக்கினார். முள் 25 வரை ஏறியது. அதற்குமேல் ஏற்றக் கூடாது, டாங்கு என்பது மெல்லிய தகரம் என்றார். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாக இறங்கியது. மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே வந்தார். பெட்ரோல் மூடியின் விளிம்பில் சின்னச் சின்னக் குமிழ்கள். மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் பனங்கொட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது.

நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டிய திங்கட்கிழமையை ரத்து செய்தேன். எங்கள் டாக்டரிடம் விவரத்தைச் சொன்னபோது அவர், "கார் எங்கே நிற்கிறது என்று நானும் கேட்டிருக்கலாம்" என்றார்.

புதுக் கரிப்பெட்டி மதுரையிலிருந்து வரவேண்டும். நாலைந்து நாளாகும். அதுவரை வண்டி பட்டறையில் நின்றது. சும்மா இருக்க முடியாமல் இந்தப் பெட்டி யார் மூளையில் உதித்தது என்று தேடிப் படித்தேன். சங்கதி கடைசியில் இன்னொரு மூக்கில் போய் முடிந்தது.

1940-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒருவிதப் புகைமூட்டம் வந்து ஜனங்களின் கண்ணைக் கரித்தது. காய்கறிப் பயிர்களின் இலைகள் வாடின. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஹாகன்-ஸ்மிட் என்று ஒரு ரசாயனப் பேராசிரியர், ஹாலந்தில் பிறந்தவர், அங்கே கால்டெக் கழகத்தில் இருந்தார். அவருடைய அப்போதைய ஆராய்ச்சி என்ன தெரியுமா? அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் ஆனது என்பது. பழத்தின் மணத்தைக் குளிரவைத்துப் பிடித்துச் சோதிக்கிற அதே முறையில் நகரத்துக் காற்றைப் பிடித்துச் சோதித்தார். மோட்டார் வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் எரியாத பெட்ரோல் ஆவியும், புகையில் இருக்கிற நைட்ரஜன் வாயுக்களும், வெயிலில் சேர்ந்து ஓசோன் உண்டாகிறது, கண்ணைக் கரிப்பதற்கும் இலை வாடுவதற்கும் மூலம் அந்தச் சேர்க்கைதான் என்று 1950-களின் தொடக்கத்தில் சொன்னார். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ரப்பர்த் துண்டுகளை வளைத்துக் காற்றில் வைத்து, எத்தனை நிமிஷத்தில் வெடிப்பு விழுகிறது என்று எண்ணி ஓசோனை அளந்து காட்டினார். குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ரப்பர்த் துண்டு விஷயம் ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

கட்டுப்பாடு இல்லாத காலத்தில் ஒரு கார் வெளிவிட்ட எரியாத ஆவியில் ஐந்தில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக அல்ல, டாங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் சும்மா நிற்கும்போதே போயிற்று என்று கணக்கிட்டார்கள். 1970-ஆம் வருஷத்து மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்கும் கார்களுக்கும், மறுவருஷம் அமெரிக்கா முழுவதும், அந்த ஆவியைப் பிடித்து வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கரிப்பெட்டி பிறந்தது அப்படி. இந்தியாவில் இப்போது ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்கூட வைக்கிறார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். நான் ஒன்றை வெகு உற்சாகமாக விளக்கும்போது அவள் அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வாள்.

"கருப்பட்டியா? வண்டிக்குள்ளயா?"

"கருப்பட்டி இல்லம்மா, கரிப்பெட்டி. கரி. அடுப்புக் கரி மாதிரி."

"சிரட்டக் கரியா?"

நல்ல கேள்வி. எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் கலங்கினால் சிரட்டைக்கரியைத் துணியில் முடிந்து போடுவது அவள் வழக்கம். ஆனால் கார் பெட்டிக்குப் பெரும்பாலும் மரக்கரிதான் போடுகிறார்கள். சிரட்டைக்கரியின் துவாரங்கள் ரொம்ப நுணுக்கம். ஆவியை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது. இங்கே வேண்டியது, காற்று வந்து கேட்டால் விட்டுக்கொடுக்கிற கரி. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா மரக்கரி தான் போடுவாரு" என்றாள், அதில் ஏதோ வழக்குத் தீர்ந்த மாதிரி.

புதுப் பெட்டி வந்தது. ஒயரை ஒட்டுப்போட்டு, எலி தொடாதபடி அதன்மேல் ஒரு இரும்புச் சுருளைச் செருகினார் ஆசான். மூடியின் வளையம் மாற்றினார். எஞ்சினை ஓட்டிக் குழாயில் விரலை வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை விட்டுவிட்டு இழுத்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பெட்ரோல் போட்டேன். டிக்கென்று நின்றது. பையன் பழக்கதோஷத்தில், "ரவுண்டாக்கட்டுமா சார்?" என்றான். கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டாயிரத்து நாற்பத்து மூன்று ரூபாய். சில்லறை தேட இரண்டு நிமிஷம் ஆயிற்று.

அன்றிரவு ஆசான் மறுபடி வந்து பாயில் படுத்துப் பார்த்தார். பிறகு அம்மா படுத்துப் பார்த்தாள். காற்று அசையவில்லை. "இல்ல" என்றாள். மறுநாள் அந்தியில் அவளே எழுந்துபோய்ப் படிப்புரையில் விளக்கு வைத்தாள். என் ஏழு பக்கக் குறிப்பு நோட்டில் அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கிழித்துப்போட மனசு வரவில்லை. மேற்கொண்டு எழுதவும் முடியவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்:

"மக்களே, அந்தப் பழைய கருப்பட்டிய என்ன செஞ்ச?"

"கரிப்பெட்டியா? பட்டறையில கிடக்கு. வெளியில ஒரு மூலையில வச்சிருக்காரு. ஏன்?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஒருக்கா கொண்டுவந்து காட்டச் சொல்லு. பகல்ல போதும். விளக்கு கொளுத்துகதுக்கு முந்தி."